இரண்டு பெட்டி, ஒரு டிஸ்க், ஒரு வார லீவு

அந்தச் சலவைக் கூடத்தில் நம்பர் சார் லீவு எடுத்து யாரும் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தால் காய்ச்சலோடு வருவார். ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறு கையால் கீபோர்டைத் தட்டுவார். அயர்ன் பிரிவின் தலைவியை வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த அக்கா சொல்வார்: "இந்த ஆளு செத்தாக்கூட இங்கயேதான் வெச்சிருக்கணும். வெளிய தூக்கிட்டுப் போனா சிஸ்டம் நின்னுடும்."

நம்பர் சாருக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் இல்லை. அடையாள அட்டையில் இருந்தது. அட்டை எப்போதும் சட்டைப் பைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்ததால் யாரும் படித்ததில்லை. ஊரிலிருந்த ஆஸ்பத்திரிகள், ஹோட்டல்கள் எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் டாக்டர்களின் கோட்டும் அங்கேதான் வெளுக்க வரும். வெள்ளைத் துணிக்கு முகம் கிடையாது. ஆகவே ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு நம்பர் தைத்திருப்பார்கள். எந்த நம்பர் யாருடையது, எந்த மாடிக்குத் திரும்பிப் போகவேண்டும் என்பதெல்லாம் பின்பக்க அறையில் இருந்த ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன வந்துவிட்டது என்பது நம்பர் சாருக்குத்தான் தெரியும். அது மயங்கி விழுந்தால் கூடத்திலுள்ள துணி முழுக்க அனாதையாகிவிடும். சலவை இயந்திரங்கள் சுற்றுவதை நிறுத்தாது. துவைத்துத் துவைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் அக்காவின் மேஜை தெரியாது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அக்கா தெரியமாட்டார். துணி மலைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் மட்டும் வரும். "யாராச்சும் அந்த மனுஷனுக்குப் போன் போடுங்கப்பா."

போன் போடுவார்கள். அவர் குளிக்கும்போதும் போனை பிளாஸ்டிக் பையில் போட்டுக் குழாயில் தொங்கவிட்டிருப்பார். சினிமா தியேட்டரில் எப்போதும் கதவோரச் சீட்டுதான். எத்தனையோ படங்களுக்கு அவருக்கு முதல் பாதி தெரியும், முடிவு தெரியாது. முடிவை அவர் மனைவிதான் வீட்டுக்கு வந்து சொல்வாள். கொஞ்ச நாளாக அதையும் சொல்வதில்லை.

மனைவிக்கு ஒரே ஒரு ஆசை. கடலோரத்தில் ஒரு வாரம், இரண்டு பேரும். பெரிய கோரிக்கை இல்லை. கல்யாணமான புதிதில் கிளம்பினார்கள். வீட்டைப் பூட்டும்போது போன் வந்தது. பிறகொரு முறை பஸ் நிலையத்தில் வந்தது. கடைசி முறை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் யாருக்கு என்று பேசி முடித்து, டிரைவர் வண்டியைக் கிளப்பியும் ஆகிவிட்டது. போன் அடித்தது. "அரை மணி நேரத்துல முடிச்சுட்டு அடுத்த வண்டியில வந்துடலாம், வா" என்று நம்பர் சார் இறங்கினார். திரும்பிப் பார்த்தால் மனைவி இறங்கவில்லை. பஸ் போய்க்கொண்டிருந்தது.

மறுநாளே வந்துவிட்டாள்.

"கடல் எப்படி இருந்துது?" என்று கேட்டார்.

"பெரிசா இருந்துது."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. சாப்பிடும்போது அவளாகவே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "இனிமே உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். ஒரே ஒரு தடவை கேப்பேன். அதுக்கும் வரலைன்னா நான் தனியா போவேன். அப்படிப் போனா, திரும்பி வர டிக்கெட் எடுக்க மாட்டேன்."

நம்பர் சார் அவள் முகத்தைப் பார்த்தார். அது கோபமாக இருந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

*

சலவைக் கூடத்தின் முதலாளியை எல்லாரும் மேடம் என்பார்கள். மேடம் தேய்ந்த சோப்புத் துண்டை அடுத்த சோப்பின் முதுகில் ஒட்டவைக்கிற ரகம். ஒரு சின்னப் பென்சிலோடு இன்னொரு சின்னப் பென்சிலைச் சேர்த்துக் கட்டி எழுதுவார். இப்படிப்பட்டவரிடம் போய் நம்பர் சார், "ஒரு கம்ப்யூட்டர் விழுந்தா இன்னொண்ணு தாங்கிக்கிற மாதிரி செய்யணும் மேடம்" என்றார். ஏற்கெனவே ஒரு கம்பெனி ஆள் டை கட்டிக்கொண்டு வந்து இதையே விற்கப் பார்த்து, விலையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த விலையைக் கேட்ட மேடம் அன்று முழுக்க லைட் போடாமலே வேலை பார்த்தார்.

"அவ்ளோ எல்லாம் வேணாம் மேடம். ஸ்டோர் ரூம்ல பழைய பெட்டி ரெண்டு கெடக்கு. அதுல லினக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டுக்கலாம், அதுக்குக் காசு கிடையாது. வெளிய ஒரு டிஸ்க் வாங்கி, ரெண்டு பெட்டியையும் அந்த ஒரே டிஸ்க்குல சேத்துடலாம். கணக்கெல்லாம் டிஸ்க்குல இருக்கும். ஒரு பெட்டி செத்தாலும் இன்னொரு பெட்டி அதே டிஸ்க்கைப் பாத்து வேலையைத் தொடரும்."

மேடமுக்குக் 'காசு கிடையாது' என்ற இடம் பிடித்திருந்தது. "செய்ங்க. ஆனா ஆபீஸ் நேரத்துல ஆபீஸ் வேலை. இதை உங்க வீட்ல வெச்சுச் செய்ங்க. முடிச்சதும் நானே வந்து ஒண்ணோட ப்ளக்கைப் புடுங்குவேன். எதுன்னு சொல்ல மாட்டேன். வேலை நிக்கக்கூடாது."

"நிக்கலைன்னா ஒரு வாரம் லீவு வேணும் மேடம்."

மேடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவரைப் புதிதாகப் பார்த்தார். "உங்களுக்கா?"

*

இப்படியாக அவர்கள் வீட்டு ஹால் பறிபோனது. சோபாவுக்கு இடப்பக்கம் ஒரு பெட்டி, வலப்பக்கம் ஒரு பெட்டி, நடுவில் டீப்பாய் மேல் டிஸ்க். ஒன்றுக்கு இடது என்றும் மற்றதற்கு வலது என்றும் பேர் வைத்தார். டிஸ்க்கிலிருந்து இரண்டுக்கும் தனித்தனி ஒயர். அது போக, இடதையும் வலதையும் நேராகச் சேர்த்து ஒரு கேபிள், தரைவிரிப்புக்கு அடியில்.

"இது எதுக்கு?" என்றாள் மனைவி. அவள் வேலை பார்த்த புத்தகக் கடையை அப்போதுதான் மூடியிருந்தார்கள். பகலெல்லாம் வீட்டில் இருந்தாள்.

"நாடித்துடிப்பு. 'நான் இருக்கேன், நீ இருக்கியா'ன்னு ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கும்."

"நொடிக்கு நொடியா?"

"ஆமா."

"ம்" என்றாள். அந்த 'ம்'மில் கல்யாண வாழ்க்கை முழுவதும் இருந்தது.

முதலில் வாங்கிய டிஸ்க் வேலைக்கு ஆகவில்லை. இடது பேசினால் வலதைத் திரும்பிப் பார்க்காது, வலது பேசினால் இடதைத் தெரியாது என்றுவிடும். கடைக்காரரிடம் கொண்டுபோனார். அவர் டிஸ்க்கைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டா மாறாது சார். எல்லாரும் இப்படி ஒண்ணுதான் கேப்பாங்க. ரெண்டு பேர்கிட்டயும் பேசற டிஸ்க் வேணும்னு கேட்ட முதல் ஆளு நீங்கதான்" என்றார். உள்ளே போய் வெகுநேரம் துழாவி, தூசி தட்டி, அட்டைப்பெட்டி கிழிந்த ஒன்றை எடுத்துவந்தார். அது இரண்டு பேரிடமும் பேசியது. லினக்ஸில் ஒரு வரியை மாற்றி, 'தனியுரிமை கொண்டாடாதே' என்று அதற்கு எழுதியும் கொடுக்கவேண்டியிருந்தது.

துணிகளின் கணக்கை அதில் நகலெடுத்துப் போட்டார். ஓடியது. இரண்டு பெட்டியிலும் ஒரே கணக்கு தெரிந்தது. நம்பர் சார் கையைப் பிசைந்துகொண்டு மனைவியிடம் வந்தார்.

"ஒரு உதவி பண்ணணும். நீ என்கிட்ட சொல்லாம, எப்ப வேணா, எதோட ப்ளக்கை வேணா புடுங்கணும்."

"நெஜமாவா?"

"எனக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா நான் ஜாக்கிரதையா இருந்துடுவேன்."

இப்படி ஒரு வேலையைத் தனக்கு யாராவது தரமாட்டார்களா என்று அவள் இத்தனை வருஷமாகக் காத்திருந்தது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் பல் தேய்க்கும்போது புடுங்குவாள். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் முதல் வாய் குடிக்கும்போது காலாலேயே சுவிட்சைத் தட்டுவாள். போனில் யாரோடோ பேசிக்கொண்டே, பேச்சு நிற்காமல், குனிந்து ஒயரை உருவிவிட்டு நிமிர்வாள். முதல் சில தடவை எல்லாம் விழுந்தது. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிசெய்தார். பிறகு ஒன்று விழுந்தாலும் மற்றது, கொஞ்சம் திகைத்து நின்றுவிட்டு, வேலையைத் தொடர்ந்தது. கொஞ்ச நாளில் திகைப்பும் குறைந்தது.

"இதுக்கு அழுகை வர்றதே இல்ல" என்றாள் மனைவி, சற்று ஏமாற்றத்தோடு.

அப்புறம்தான் சோபா விஷயம். அவள் பெருக்குவதற்காகச் சோபாவை நகர்த்தினாள். சோபாவின் கால் தரைவிரிப்புக்கு அடியில் இருந்த நாடிக் கேபிள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மற்றபடி எல்லாம் நன்றாகவே இருந்தது. இடதும் உயிரோடு, வலதும் உயிரோடு. ஆனால் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கவில்லை. இடது நினைத்தது, 'வலது போய்விட்டது, இனி எல்லாம் என் பொறுப்பு.' வலதும் இடதைப் பற்றி அதையேதான் நினைத்தது. இரண்டும் சேர்ந்து ஒரே டிஸ்க்கில், ஒன்றின் எழுத்து மேல் இன்னொன்றாக, சிரத்தையாக எழுதித் தள்ளின.

சாயங்காலம் நம்பர் சார் வந்து திரையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"ஹோட்டல்ல புதுசா கல்யாணமானவங்க தங்கற ரூம் இருக்குல்ல, அந்தப் படுக்கை விரிப்பு, அதே நேரத்துல பிரசவ வார்டுலயும் இருக்குங்குது."

மனைவி யோசித்தாள். "கொஞ்சம் வேகமாத்தான் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாத அளவுக்குப் பயந்திருந்தார். நகல் கணக்குதான், துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இது கூடத்தில் நடந்திருந்தால் மேடம் என்ன செய்வார், லீவு என்னவாகும், திரும்பி வர டிக்கெட் எடுக்காமல் போகிறவள் எந்தப் பஸ்ஸில் போவாள் என்று அவர் மனசு வரிசையாக ஓடியது. உட்கார்ந்து ஒரு சட்டம் எழுதினார். டிஸ்க்கின் ஒரு மூலையில் ஒரு சின்ன இடம் ஒதுக்கினார். ஒன்றின் நாடி மற்றதற்குக் கேட்காவிட்டால் மூன்று தடவை கேட்டுப் பார்க்கவேண்டும். மூன்று தடவையும் பதில் இல்லையென்றால், யார் முதலில் ஓடிப்போய் அந்த மூலையில் குறி வைக்கிறார்களோ அவர்தான் உயிரோடு இருப்பவர். இன்னொருவர், உண்மையில் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும், குறியைப் பார்த்த மறுநொடி தான் செத்துவிட்டதாக ஒப்புக்கொண்டு அணைந்துவிட வேண்டும். பிறகு விடிகாலையில் எழுந்த மாதிரி எழுந்து, பழசையெல்லாம் மறந்து, வாசலில் நின்று அனுமதி கேட்டு, புதிதாகச் சேரவேண்டும்.

மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "அதாவது பதில் பேசலைன்னா செத்ததா அர்த்தம்."

"ஆமா. அப்படி வெச்சாத்தான் டிஸ்க் பிழைக்கும்."

"இந்தச் சட்டம் நம்ம வீட்ல இருந்திருந்தா நீங்க எத்தனை தடவை போய்ச் சேந்திருக்கணும்."

*

மேடம் புடுங்க வந்த நாளில் இரண்டு பெட்டியும் டிஸ்க்கும் சலவைக் கூடத்தின் பின்பக்க அறைக்கு வந்துவிட்டிருந்தன. மனைவியும் வந்திருந்தாள், எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவளுக்குத்தான் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும் என்பதால். அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

மேடம் இடதைப் புடுங்கினார். வெளியே மேஜையில் அக்காவின் ஆள் ஒரு தலையணை உறையின் நம்பரை அடித்தார்; கண் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி என்று வந்தது. மேடம் இடதைச் செருகிவிட்டு வலதைப் புடுங்கினார். கண் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி. மேடமின் முகத்தில் யாரும் பார்த்திராத ஒரு வெளிச்சம் வந்தது. மறுபடி இடது. மறுபடி வலது. அடுத்து மேடம் யாரும் எதிர்பாராமல் நாடிக் கேபிளையே உருவினார்.

"இப்ப?"

மனைவிதான் பதில் சொன்னாள். "இப்ப ரெண்டும் ஒண்ணை ஒண்ணு செத்துட்டதா நெனைக்கும் மேடம். மூணு தடவை கேக்கும். அப்புறம் டிஸ்க்குக்கு ஓடும். பாருங்க, வலது முந்திடுச்சு. இடது தானா போய்ப் படுத்துக்கும்."

இடது படுத்துக்கொண்டது.

"ஏம்மா, உயிரோட இருக்கறப்பயேவா?" என்றார் அக்கா வாசலில் இருந்து.

"சட்டம் அப்படி அக்கா."

மேடம் மனைவியைப் பார்த்தார். "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"புத்தகக் கடையில இருந்தேன். மூடிட்டாங்க."

மேடம் தலையாட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலை நம்பர் சார் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மேடமுக்குப் புடுங்குவது பழக்கமாகிவிட்டது. ஹோட்டல் மேனேஜர்கள் வந்தால் டீ கொடுப்பதற்கு முன் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போய் ஒன்றைப் புடுங்கிக் காட்டுவார். விருந்தாளிகளையும் புடுங்கச் சொல்வார். எதைப் புடுங்கினாலும் வேலை நிற்கவில்லை. இதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு நாள் தோன்றியது: பெட்டிக்கு இருக்கிற புத்தி மனுஷனுக்கு ஏன் இருக்கக்கூடாது?

ஜோடி முறை வந்தது. கூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே டிராயர். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் "இருக்கேன்" என்று கையைத் தூக்கவேண்டும், மற்றவரும் தூக்கவேண்டும். மூன்று தடவை பதில் இல்லையென்றால் ஜோடி செத்ததாக மேடமிடம் தெரிவித்துவிட்டு, அவர் வேலையையும் சேர்த்துச் செய்யவேண்டும். செத்தவர் திரும்பிவந்தால் நேராக நாற்காலிக்குப் போகக்கூடாது. வாசலுக்குப் போய், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அன்றைய நாளை முதலிலிருந்து ஆரம்பிப்பதுபோல உள்ளே வரவேண்டும்.

முதல் பலி கணக்குப்பிள்ளை. வயிறு சரியில்லாமல் கழிவறைக்குப் போனவர் வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் அவர் நாற்காலியில் ஜோடி உட்கார்ந்திருந்தார், அவருடைய கண்ணாடியையும் போட்டுக்கொண்டு.

"நான் உயிரோடதான்யா இருக்கேன்."

"அது எனக்குத் தெரியுது சார். டிராயருக்குத் தெரியாது. போய்த் தண்ணி குடிச்சுட்டு வாங்க."

அக்காவும் அவருடைய ஜோடியும் மட்டும் கையைத் தூக்கவில்லை. நாள் முழுக்க வாயாடிக்கொண்டே இருந்தார்கள். அதுவே நாடியாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஜோடி இல்லாமல் மிச்சமிருந்தவர் நம்பர் சார் ஒருவர்தான். மேடம் ஆள் அனுப்பி மனைவியைக் கூப்பிட்டு, அன்றே வேலையில் சேர்த்துக்கொண்டார். நம்பர் சாருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்கு வேலை, பின்பக்க அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒரே டிராயரில் அவருடைய டப்பா, அவளுடைய டப்பா. அந்த வாரமே மனைவி கேட்டாள், சொன்ன அந்த ஒரே தடவையை. "கடலுக்குப் போலாமா?"

நம்பர் சார் துள்ளலோடு மேடமிடம் போனார். மனைவியும் பின்னாலேயே போனாள்.

"லீவா? நீங்கதானே கேட்டிருந்தீங்க. தாராளமா போய்ட்டு வாங்க" என்றார் மேடம். "யார் யார் போறீங்க?"

"நானும் இவளும்."

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். "ஜோடியில ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போறதா?"

கீழே சலவை இயந்திரம் ஒன்று தண்ணீரைப் பிழிந்துகொண்டிருந்தது.

"சட்டம் நீங்க எழுதினதுதானே சார்," என்றார் மேடம், நிஜமான வருத்தத்தோடு. "ஒருத்தர் போனா ஒருத்தர் இருக்கணும். நீங்க இந்த வாரம் போங்க, அவங்க அடுத்த வாரம் போகட்டும். கடல் எங்கயும் போயிடாது."

நம்பர் சார் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் முகம் அன்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசியபோது இருந்த மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. தான் பார்த்துப் பார்த்துக் கட்டிய ஒரு பொருள், எதற்காகக் கட்டினோமோ அதைத் தன் கண் முன்னாலேயே விழுங்கிவிட்டது என்று அவருக்குப் புரிய ஆரம்பித்தது.

"மேடம்," என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் சண்டை போட்டா யார் சொல்றது சரி?"

"என்ன சண்டை?"

"இடதும் வலதும் ஒண்ணை ஒண்ணு செத்துட்டதா சொல்லும்போது யார் முடிவு பண்றாங்க? டிஸ்க்ல ஒரு மூலை இருக்கு, ரெண்டுக்கும் பொதுவா. அதுல குறி விழுந்தாத்தான் செல்லும். நம்ம கூடத்துல மத்த எல்லா ஜோடிக்கும் நீங்க இருக்கீங்க, உங்ககிட்ட சொன்னாத்தான் ஒருத்தர் செத்ததா ஆகும். எனக்கும் இவருக்கும்தான் அந்த மூலை இல்ல. பின்பக்க அறையோட சாவி உங்களைத் தவிர யார்கிட்டயும் தர மாட்டேங்கறீங்க. அப்போ எங்க ஜோடிக்கு மூணாவது ஆள் நீங்கதானே? நாங்க ரெண்டு பேரும் போனாலும் நீங்க இருக்கீங்களே."

மேடம் யோசித்தார். தன்னை ஒரு டிஸ்க்கின் மூலை என்று சொன்னதில் அவருக்கு எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. மாறாக, இத்தனை நாள் வெளியிலிருந்து புடுங்கிக்கொண்டிருந்தவருக்கு உள்ளே ஓர் இடம் கிடைத்த சந்தோஷம் மெல்ல மெல்ல ஏறியது.

"நான் என்ன கத்துக்கணும்?"

அவருக்குச் சொல்லிக் கொடுத்தது மனைவிதான். எதைத் தட்டினால் எது எழும், எது எழாவிட்டால் எதை அணைக்கவேண்டும், அவ்வளவுதான். மேடம் சீக்கிரம் கற்றுக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். நாடி இல்லாமல் சேர்க்கை கிடையாது. கால்மணிக்கொரு தடவை அவர் "இருக்கேன்" என்று மெசேஜ் அனுப்புவார். இவர்கள் "இருக்கோம்" என்று பதில் அனுப்பவேண்டும். மேடம் தூங்கும் நேரத்துக்கு மட்டும் விலக்கு.

*

பஸ்ஸில் மனைவிக்கு ஜன்னலோரம். ஊர் தாண்டும்வரை நம்பர் சார் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் அடிக்கவில்லை. மெசேஜ்தான் வந்தது. 'இருக்கேன்.' அவர் 'இருக்கோம்' என்று அனுப்பினார். மறுபடி வந்தது, மறுபடி அனுப்பினார். தூங்கிப்போன மனைவியின் தலை அவர் தோளில் சாய்ந்தபோது, போன் இருந்த கை அந்தப் பக்கம் என்பதால், தலையை மெதுவாக நிமிர்த்திவைத்தார்.

கடல் அவள் சொன்ன மாதிரிதான் இருந்தது. தங்கிய அறையிலிருந்து நடக்கிற தூரம். மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் போனாள். நம்பர் சார் ஈர மணல் முடிந்து உலர்ந்த மணல் ஆரம்பிக்கிற கோட்டில் நின்றார். அலை கொஞ்சம் ஏறி வந்தால் அவரும் பின்னால் நகர்ந்தார். சிக்னல் சரியில்லை என்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் பந்து விளையாடிய பிள்ளைகள் அவரைப் பார்த்து அவர்களும் கையைத் தூக்கி ஆட்டினார்கள்.

'இருக்கேன்.'

'இருக்கோம்.'

முதல் நாள் இப்படிப் போனது. இரண்டாம் நாளும் இப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பிடும்போது இலையைப் பார்க்காமல் போனைப் பார்த்தார். அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், பாதியில் 'ஒரு நிமிஷம்' என்று பதில் அனுப்பிவிட்டு நிமிர்ந்தார். அவள் பேச்சை நிறுத்தியிருந்தாள். விட்ட இடத்தை அவரே எடுத்துக்கொடுக்கலாம் என்று பார்த்தால், எங்கே விட்டது என்று தெரியவில்லை.

மணலில் உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள், ரொம்ப இயல்பாக. "பஸ் எப்ப எப்ப இருக்குன்னு கேட்டுட்டு வரவா?"

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"நான் வந்துட்டேனே."

அவள் எழுந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தாள். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

நம்பர் சார் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடமிருந்து அவருக்கு எந்தச் சத்தமும் வரவில்லை. காலையிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பாள், தான் எத்தனை தடவைக்குப் பதில் சொல்லவில்லை என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினார். மூன்றைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார். கையில் போன் முனகியது. 'இருக்கேன்.'

அவர் போனை அவளுடைய செருப்புக்குள் வைத்தார். அதன் மேல் தன் செருப்பைக் கவிழ்த்தார். கால்சட்டையை மடிக்கக்கூடத் தோன்றாமல் தண்ணீரில் இறங்கி நடந்தார். குளிர் எலும்பில் ஏறியது. அலை முட்டிக்கு வந்தபோது ஒரு கணம் நின்று திரும்பிக் கரையைப் பார்த்தார். பிறகு நடந்தார்.

அவர் பக்கத்தில் போய் நின்றதும் அவள் அவருடைய வெறுங்கையைக் காட்டிக் கேட்டாள். "போன் எங்க?"

"செருப்புல."

"மேடம் கேப்பாங்களே."

"கேப்பாங்க."

ஒரு பெரிய அலை வந்தது. அவருக்கு அலையில் நிற்கத் தெரியவில்லை. உருண்டார். வாயெல்லாம் உப்பு. எழுந்து நின்று மூக்கைச் சிந்தினார். அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போது பக்கவாட்டில் திரும்பி நிற்கவேண்டும் என்று காட்டினாள். அடுத்த அலையில் இரண்டு பேரும் பக்கவாட்டில் நின்றார்கள். அதற்கடுத்ததில் அவள் உருண்டாள். அவர் இதுவரை சிரிக்காத அளவுக்குச் சிரித்தார். காலையில் பாதியில் விட்ட பேச்சு என்ன என்று கேட்டார். புத்தகக் கடையில் ஒரு வாடிக்கையாளர் ஒரே புத்தகத்தை மூன்று முறை வாங்கி மூன்று முறை திருப்பிக் கொடுத்த கதை அது. முடிவை நல்ல இடத்தில் வைத்திருந்தாள். முதல் தடவையாக அவர் ஒரு கதையை முடிவு வரைக்கும் கேட்டார்.

வெயில் சாய ஆரம்பித்தது. அவர் வானத்தைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டார்.

"என்ன?"

"இந்நேரம் நாம செத்திருப்போம்."

"இருக்கட்டும். தண்ணி நல்லாருக்கு."

விரல் நுனியெல்லாம் சுருங்கிய பிறகுதான் கரைக்கு வந்தார்கள். செருப்புக்குள் போன் பத்திரமாக இருந்தது. மேடமின் மெசேஜ்கள் வரிசையாக நின்றன. 'இருக்கேன். பதில் இல்லை.' 'இருக்கேன். இரண்டாம் தடவை கேட்கிறேன்.' மூன்றாவது நீளமாக இருந்தது. மனைவி போனை வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"'மூன்றாம் தடவையும் பதில் இல்லை. சட்டப்படி உங்கள் இருவரையும் நீக்கியாகிவிட்டது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். நாற்காலிகளை அயர்ன் பிரிவுக்குக் கொடுத்துவிட்டேன். இடதைப் புடுங்கிப் பார்த்தேன், வலதைப் புடுங்கிப் பார்த்தேன், எல்லாம் ஓடுகிறது. இனி இந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பமாட்டேன். நீங்கள் அனுப்பினாலும் பதில் வராது, இறந்தவர்களோடு பேசுவது சட்டத்தில் இல்லை. லீவு முடிந்ததும் வாசலில் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வரவும்.'"

அதற்குக் கீழே அக்காவின் மெசேஜ் ஒன்று. 'செய்தி கேட்டோம். ரொம்ப வருத்தம். நாற்காலி சூப்பர்.'

நம்பர் சார் மணலில் உட்கார்ந்தார். பயப்படுவதற்குத் தயாராக இருந்தார். ஆனால் எதைப் பற்றிப் பயப்படுவது என்று தேடினால் அகப்படவில்லை. துணிகள் வீடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. பெட்டிகள் ஓடின. மேடம் இருந்தார். தான் இல்லை, அவ்வளவுதான்.

"எழுந்திருங்க, பசிக்குது" என்றாள் மனைவி. "இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

அவர் எழுந்து, ஈரக் கால்சட்டையிலிருந்து மணலைத் தட்டினார். போனை அணைத்து அவள் கைப்பையின் அடியில், துண்டுக்குக் கீழே போட்டார். இரண்டு பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுக் கடை எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டே, அதற்கு நேர் எதிர்ப்பக்கமாக நடந்துபோனார்கள்.